மூன்று வாரத்து லண்டன்காரர்

பனியன் தைக்கும் எங்கள் சேவூரில் மூன்று வாரம் என்பது ஒரு காலக் கணக்கே இல்லை. சாம்பிள் பீஸ் தைத்து அனுப்பி, பையர் அதைத் தொட்டுப் பார்த்து, கழுத்து ரிப்பில் கால் இஞ்ச் குறையுங்கள் என்று பதில் போடுவதற்கே அதைவிட அதிகம் ஆகும். ஆனால் அந்த மூன்று வாரத்தை ஒரு பையன் லண்டனில் கழித்துவிட்டு வந்தால், அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஓர் ஆயுசு பற்றுவதில்லை.

இந்த ரகத்துக்கு எங்கள் பக்கம் 'லண்டன் தம்பி' என்று பெயர். குறிப்பாக யாரையோ சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்னூரில் ஒருவர் இருக்கிறார், புளியம்பட்டியில் இருக்கிறார், அவிநாசியில் தேடினால் வீதிக்கு ஒருவர் தேறுவார். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பிபிஏவோ பி.டெக்கோ இரண்டாம் வருடம். நடுவில் வெளிநாட்டில் ஒரு 'சம்மர் ஸ்கூல்'. அவர்கள் கோடை என்பது நமக்கு ஆடி மாதம். இங்கே செமஸ்டர் தொடங்கியிருக்கும். அதற்கு 'ஆன் டியூட்டி' அனுமதி வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தால் ஆள் வேறாகிவிடுவார். நான் இங்கே வரைவது சேவூர்ப் பதிப்பு.

அப்பாவுக்கு ஜாப் ஒர்க் யூனிட். திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் துணியைக் கொடுத்தால் கட்டிங், தையல், செக்கிங் முடித்து பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர். தம்பியின் லண்டன் வாழ்க்கை, அவர் கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பே அப்பாவின் பாஸ்புக்கில் தொடங்கிவிட்டது. விசாவுக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும், அதில் பணம் தெரிய வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். பனியன் தொழிலில் பணம் பேங்கில் தெரிந்தால் தொழில் படுத்துவிட்டது என்று அர்த்தம். திங்கட்கிழமை வந்தது சனிக்கிழமை சம்பளத்துக்குப் போகும். மிச்சம் நூலுக்கும் ஊசிக்கும் கரண்ட் பில்லுக்கும். சிசி அக்கவுண்ட் என்றைக்கும் மைனஸில்தான் மூச்சுவிடும். கடைசியில் தாய்மாமன் நிலக்கடலை விற்ற பணத்தோடு இன்னும் கொஞ்சம் புரட்டிக் கொண்டுவந்து மச்சான் கணக்கில் போட்டு வைத்தார். அந்த நாட்களில் தம்பி நிம்மதியாகத் தூங்கினார். மாமன்தான் தினமும் போன் செய்து, "மச்சான், நம்ம பணம் அங்கயே இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விசா வந்த மறுநாள் சேவூர் கைகாட்டியில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. மேற்படிப்புக்காக லண்டன் மாநகர் செல்லும் எங்கள் வீட்டு விளக்கை வாழ்த்தி வழியனுப்புகிறோம். பின்னால் ஒரு விமானம், பிக் பென், அச்சாபீஸ்காரர் தன் கணக்கில் சேர்த்த ஈபிள் டவர். கீழே ஒறம்பரை மொத்தமும் பாஸ்போர்ட் சைஸில். மூன்று வாரம் என்ற விவரம் மட்டும் இடமில்லாததால் விடுபட்டுப் போயிற்று. தம்பி படித்து முடித்துத் திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோதும் அந்த ஃப்ளெக்ஸ் அங்கேயே நின்று அவரை வழியனுப்பிக்கொண்டிருந்தது.

படிப்பைக் குறை சொல்வதற்கில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1989 முதல் இப்படிக் கோடைப் பள்ளி நடத்துகிறது. மூன்று மூன்று வாரமாகப் பிரித்து வகுப்பு, கடைசியில் பரீட்சை, சான்றிதழ். மற்ற பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு வாரப் பயிற்சி பெற்று வந்தார்கள். அது அரசு செலவு, திறமை பார்த்து அனுப்பியது. அவர்கள் எவ்வளவு பேசினாலும் தகும். நம் தம்பி அப்பா செலவு.

தங்கிய காலம் குறையக் குறையப் பேசும் காலம் நீளும் என்பது நான் கவனித்த வரையில் தவறாத கணக்கு. பதினைந்து வருடம் லண்டனில் குடியிருந்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் வீதியிலேயே இருக்கிறார். ஊர் எப்படிங்க என்று கேட்டால் "வாடகை ஜாஸ்திங்" என்பார். அதோடு சரி.

தம்பியின் அறிகுறிகள் ஏர்போர்ட்டிலேயே தென்பட்டன. தண்ணீர் கேட்டார், ஆனால் 'வாட்டர்' என்ற சொல்லில் பாதி எழுத்து ஹீத்ரோவிலேயே தங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் ஸாரி சொன்னார். கைகாட்டியில் தனியார் பஸ் ஏறும்போது இடித்துத் தள்ளிய கண்டக்டரிடமும் சொன்னார். அந்தக் கண்டக்டர் இருபது வருட சர்வீஸில் முதல் தடவையாக விசில் அடிக்க மறந்தார். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் லாரி நிற்கட்டும் என்று தம்பி ஓரமாக நிற்பார். சத்தியமங்கலம் போகிற லாரி எதற்கு நிற்கும்? கடைசியில் பெட்டிக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

பணக் கணக்கும் தலைகீழாகிவிட்டது. போகும்போது அங்கே கண்டதையெல்லாம் ரூபாயாக்கிப் பார்த்து வயிறெரிந்தவர், வந்த பிறகு இங்கே உள்ளதையெல்லாம் பவுண்டாக்கிப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பவுண்டு அப்போது 116 ரூபாய் போல ஓடிக்கொண்டிருந்தது. "பதினஞ்சு ரூபா டீங்கறது பதிமூணு பென்ஸ்தாண்ணா. லண்டன்ல பதிமூணு பென்ஸுக்கு மூடிகூடத் தர மாட்டான்" என்பார். டீக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங் தம்பி, அந்தப் பதிமூணு பென்ஸை எப்பத் தர்றீங்?" என்பார்.

இதற்காகத் தம்பியை மட்டும் குறை சொல்லக் கூடாது. இந்த வியாதி வெள்ளைக்காரனுக்கே வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பையன்கள் படிப்பின் கடைசிப் பாகமாக இத்தாலி போய்ச் சுற்றிவிட்டு வருவார்கள். வந்தவர்கள் தலையில் அரை ஆள் உயரத்துக்கு விக், இடுப்பைப் பிடிக்கும் கோட்டு, வாயில் பாதி இத்தாலி. 1770-கள் வாக்கில் இவர்களுக்கு லண்டனில் 'மக்கரோனி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மக்கரோனிகளைக் கேலி செய்து படம் போட்டு விற்றே ஒரு கடை பேர் வாங்கியது. நம் காந்தியும் 1888-ல் போன புதிதில் பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி வாங்கி, பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு சூட் தைத்து, டான்ஸ் கிளாஸில் சேர்ந்து, மூன்று பவுண்டுக்கு வயலின் ஒன்றும் வாங்கினார். அந்த மயக்கம் தெளிய மூன்று மாதம் போல ஆயிற்று என்று சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். காந்திக்கே மூன்று மாதம் என்றால், சேவூர்த் தம்பிக்கு ஒரு வருடமாவது தர வேண்டாமா?

தம்பியின் உண்மையான சங்கடம் வேறு. லண்டனைப் பார்க்காத ஊருக்கு லண்டனைச் சொல்லப்போகிறோம் என்று நினைத்துத்தான் அவர் வந்து இறங்கினார். ஆனால் 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை பனியன் தேடித் திருப்பூர் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வட்டாரம் சீமையை அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒவ்வொருவரிடமும் ஆளுக்கொரு லண்டன் இருக்கிறது.

"ஜூலைல அங்க செம வெயிலுங்க்கா. பார்க்ல எல்லாரும் சட்டையக் கழட்டிட்டுப் படுத்துக்கறாங்க" என்று செக்கிங் டேபிளில் வந்து ஆரம்பித்தார். அங்கே நிற்கிற அக்கா பிசிர் வெட்டுகிற கையை நிறுத்தவில்லை. "நீங்க வெயில் காஞ்சப்ப நாங்க இங்க கிறிஸ்துமஸ் மானுங்க தம்பி. சின்னக் குழந்தை பைஜாமா. மூக்குச் சிவப்பு பிரிண்ட் பிசிறடிச்சு பாதி டேமேஜ்." லண்டனின் கிறிஸ்துமஸ் சேவூரில் ஆடியிலேயே முடிந்துவிடும். அதன் அடுத்த கோடை தைக்கும் மாசிக்கும் நடுவில் கை இல்லாத பனியனாகவும் முட்டிக்கு மேல் டவுசராகவும் தைத்து, மடித்து, பாலிபேக்கில் போய்விடும். இந்த வருடம் அங்கே என்ன கலர் என்று தம்பி சொன்னபோது, "ஆலிவுங்களா? அது போன வருசமே டை ஹவுஸ்ல போட்டாச்சுங்" என்றார் பேக்கிங் அண்ணன்.

எல்லோருக்கும் மேலே கட்டிங் மாஸ்டர். அவர் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் வெள்ளைக்காரக் குழந்தையின் உடம்பு அவருக்கு அத்துப்படி. அஞ்சாறு வயசு என்று லேபிள் வந்தால் 116 சென்டி உயரம் என்று சைஸ் சார்ட் பார்க்காமலே சொல்வார். "அங்க சனங்க எப்புடிங் தம்பி, நெஞ்சளவு ஏறிட்டே வருதே, என்னத்தத் திங்கறாங்க?" என்று அவர் கேட்டபோது தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பர்கர், சிப்ஸ் என்று ஏதோ சொன்னார். மாஸ்டர் பல நாள் சந்தேகம் தீர்ந்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டார்.

அந்தத் தலையாட்டலில் தைரியம் வந்துதான் தம்பி ஒருநாள் தன் மொத்தப் படிப்பையும் கட்டிங் டேபிளில் இறக்கினார். மார்க்கிங் சாக்கை எடுத்து விரித்த லேயின் மேலேயே கோடு போடப் போனார். "அய்யோ, துணில வேண்டாங் தம்பி, இந்தாங்க" என்று மாஸ்டர் ஒரு பேட்டர்ன் அட்டையைத் திருப்பி வைத்தார். தம்பி அதில் இரண்டு முனையும் மேலே தூக்கி நிற்க, நடு பள்ளமாக ஒரு வளைகோடு போட்டார். ஏசர் கம்ப்யூட்டர் கம்பெனியை நிறுவிய தைவான்காரர் ஸ்டான் ஷி 1992 வாக்கில் போட்டுக் காட்டிய கோடு அது. பிசினஸ் வகுப்பு எங்கே நடந்தாலும் போர்டில் ஏறிவிடும்.

"இந்த முனையில டிசைன். அந்த முனையில பிராண்டு, கடை. காசு பூராம் இந்த ரெண்டு முனையிலதானுங்க. நடுவுல அடியில இருக்குது பாருங்க, அதுதான் தைக்கறவங்க. அதாவது நாம."

மாஸ்டர் அட்டையை எட்ட வைத்துப் பார்த்தார். "சிரிக்கற மாதிரி இருக்குதுங்."

"அதனாலதான் அதுக்கு ஸ்மைல் கர்வுன்னு பேரு."

"சிரிக்கறது யாருங்?"

தம்பியின் மூன்று வாரப் பாடத்தில் அந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. அட்டை இன்றைக்கும் கட்டிங் ஹாலில் இருக்கிறது. மறுபக்கம் பாக்கெட் பேட்டர்ன் என்பதால் தூக்கிப்போட முடியவில்லை.

ஆக்ஸ்போர்டு தெரு கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். லண்டனில் எல்லோரும் துணிக்கடையில் சட்டையைப் பிடித்து அழகு பார்ப்பார்கள். தம்பி உள்பக்கம் திருப்பி லேபிள் பார்த்தார். பிறந்த மண்ணின் புத்தி, அதை மூன்று வாரத்தில் மாற்ற முடியாது. ஒரு ரேக்கில் பங்களாதேஷ். அடுத்ததில் பங்களாதேஷ். அதற்கடுத்தது துருக்கி, பிறகு கம்போடியா. ஊர்ப் பேரைத் தேடிக்கொண்டே கடை முழுக்க ஒவ்வொன்றாகத் திருப்பியதில் செக்யூரிட்டி பின்னாலேயே வந்துவிட்டார். பங்களாதேஷ் துணி பிரிட்டனுக்குள் வரியில்லாமல் போனது. நம் துணிக்கு ஒன்பதரை சதவீதம் போல வரி இருந்தது. ஒரு பீஸில் பத்து பைசாவுக்கு மல்லுக்கட்டுகிற தொழிலில் ஒன்பதரை சதவீதம் என்றால் என்ன என்று அப்பா வீட்டில் ஆயிரம் தடவை புலம்பியிருக்கிறார். அதெல்லாம் தம்பி காதில் ஏறியது அந்தச் செக்யூரிட்டியின் முன்னால்தான்.

அந்த வரியை நீக்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்துப் போட்டன. தம்பி அப்போது லண்டனில் இருந்தார். அவ்வளவுதான் சம்பந்தம். ஆனால் ஊருக்கு வந்த பிறகு "நான் அங்க இருந்தப்பத்தானே கையெழுத்தாச்சு" என்று முதலில் தகவலாகச் சொன்னார். அடுத்த வாரம் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் அடக்கத்தோடு சொன்னார். அந்த அடக்கம்தான் தாங்க முடியவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது. அமெரிக்க ஆர்டர்களை நிறுத்தி வையுங்கள் என்று எக்ஸ்போர்ட்டர்களிடமிருந்து போன் வரத் தொடங்கியது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடங்கள் ஒரு ஷிப்டுக்கு இறங்கின. அப்பா அப்போதுதான் மகனை முதல் தடவையாக எதிரே உட்காரவைத்து, "உங்க வாத்தியார் இதுக்கு என்ன சாமி சொன்னார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தம்பி அன்று ஒன்றும் பேசவில்லை. இரவு வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னார். மறுநாளிலிருந்து மறுபடி லண்டன்தான், அதில் மாற்றமில்லை.

அவர் சொன்னதிலேயே நின்று விலைபோன கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கியவர் அப்பத்தா. ஒரு சனிக்கிழமை தம்பியும் நண்பர்களும் ஹாரி பாட்டர் படம் எடுத்த இடம் பார்க்க டர்ஹாமுக்கு ரயில் ஏறியிருக்கிறார்கள். 1093-ல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம். பேரன் மந்திரப் பள்ளிக்கூடம், பறக்கும் துடைப்பம் என்று அளந்துகொண்டே போக, அப்பத்தாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. நடுவில் போகிற போக்கில், அந்த இடத்தைக் காட்டியது ஒரு மாடு என்றார். கத்பர்ட் என்ற மகானின் சவப்பெட்டியைத் துறவிகள் தூக்கிக்கொண்டு அலைந்தார்களாம். ஓரிடத்தில் பெட்டி நகர மறுத்துவிட்டதாம். காணாமல்போன மாட்டைத் தேடிப் போன ஒரு பால்காரப் பெண்ணின் பின்னாலேயே போனார்களாம். போய்ச் சேர்ந்த இடம்தான் டர்ஹாம். சுவரில் இன்றைக்கும் அந்த மாட்டின் சிலை இருக்கிறது.

அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பால் தன்னால சொரிஞ்சுதா?"

"பாலெல்லாம் சொரியலைங்க ஆத்தா."

"நீ செரியாக் கேட்டிருக்க மாட்டே கண்ணு. மாடு இடங்காட்டுச்சுன்னா புத்து இருந்திருக்கும், பால் சொரிஞ்சிருக்கும். எத்தனை கோயிலுக்கு இதே கதை. அது என்ன நெற மாடு?"

"ஒரு மாதிரி... மங்குன பழுப்பு."

"காராம்பசு இல்லையா? போச்சாட்டோ போ" என்று அப்பத்தா அதையும் மன்னித்தார். மறுநாள் வாலீஸ்வரர் கோயிலில் விளக்குப் போட வந்த பெண்கள் அத்தனை பேரிடமும் அந்தக் கதை பரவியிருந்தது. புற்று, பால் சகிதம். லண்டன் தம்பியின் மொத்தப் பயணத்தில் ஊர் தானாக வாங்கிப் போன சரக்கு இது ஒன்றுதான்.

போன மாதம் யூனிட்டுக்குப் பையர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. வழக்கமாக எக்ஸ்போர்ட்டரின் பெரிய கம்பெனியோடு திரும்பிவிடுவார்கள். இந்தத் தடவை ஜாப் ஒர்க் நடக்கும் இடத்தையும் பார்ப்பாராம். இரண்டு நாள் கழுவல். தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்தார்கள், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வைத்தார்கள், தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்தார்கள். அப்பா மகனைக் கூப்பிட்டு, "நீதான் பேசோணும்" என்றார். இதற்குத்தானே மூன்று வாரம்! தம்பி கோட்டோடு வந்து வாசலில் நின்றார்.

வந்தவர் அறுபது வயதுக்காரர். கோட்டு இல்லை, கசங்கிய அரைக்கைச் சட்டை. லெஸ்டர் ஊர்க்காரர். அது இங்கிலாந்தின் பழைய பனியன் ஊர், இப்போது ஆலைகள் பெரும்பாலும் இல்லை. அவருடைய அம்மா அங்கே ஓவர்லாக் ஓட்டியவராம். உள்ளே வந்தவர் மஞ்சள் கோட்டையும் பார்க்கவில்லை, சிலிண்டரையும் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு பீஸை எடுத்து உள்பக்கம் திருப்பி, தையலை இரண்டு பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று அவரும் இழுத்துப் பார்த்தார். இருவரும் ஒரே இடத்தில் நகத்தை வைத்தார்கள். "டென்ஷன்" என்றார் அவர். "டென்ஷன்தானுங்" என்றார் மாஸ்டர். தம்பி மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் இருவரும் அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்கள்.

இளநீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் தம்பிக்கு வாய்ப்பு வந்தது. லண்டனில் தான் தங்கியிருந்த பகுதியைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு, தான் லண்டன் பக்கம் அதிகம் போவதில்லை, போய்ப் பல வருடம் ஆகிறது, ஒரே கூட்டம், ஒத்துக்கொள்வதில்லை என்றார்.

தம்பியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹீத்ரோவிலிருந்து ஆரம்பித்தார். ட்யூப், ஆக்ஸ்போர்டு தெரு, பார்க், பதிமூணு பென்ஸ். வெள்ளைக்காரர் இளநீரைக் கையில் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று, டர்ஹாம் இன்னும் வரவில்லை. அப்பா பதறிப்போய், "ஏனுங் மாஸ்டர், இவனைச் சித்த அந்தப்பக்கம் கூப்புடுங்களே" என்று காதோரமாகச் சொன்னார்.

"விடுங் மொதலாளி," என்றார் மாஸ்டர். "ஊருக்குள்ள இன்னும் கேக்காத காது அது ஒண்ணுதானுங்."